முப்பது நாள் நோட்டீசும் அங்கமுத்துச் சித்தப்பாவும்

போன மாதம் ஒரு மத்தியானம் நயனா என்னைக் கைபேசியில் அழைத்தாள். மைசூர்த் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த மேஜையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். கன்னடக்காரப் பெண், கெட்டிக்காரி. திருமண வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதால் பழைய நோட்டீஸ் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்களாம்.

“மேடம், ஒரு பக்கத்துல உங்க பேரு இருக்கு. ‘ஆட்சேபம் கொடுத்தவருக்கு மாதேஸ்வரி உறவு. ஆகவே இந்தக் கோப்பு அவரிடமிருந்து எடுக்கப்படுகிறது’ன்னு சிவப்பு இங்க்ல எழுதியிருக்கு. என்ன மேடம், ஏதாவது தப்பு ஆயிடுச்சா?” என்று கன்னடத்தில் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிவப்பு எழுத்தை யார் எழுதியது, எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார், எழுதும்போது அவர் மூக்குக்கண்ணாடி எவ்வளவு கீழே இறங்கியிருந்தது என்பதெல்லாம் கண்முன் வந்தது. “தப்பு ஒண்ணுமில்லம்மா, போன்ல சொல்லி முடியாது, எழுதித் தரேன்” என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இது அந்த ஒரு பக்கத்தோடு நிற்கிற கதை இல்லை என்று.

ஹனூருக்கு அப்பால் காட்டோரத்தில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். அப்பா நான் பத்தாவது படிக்கும்போது தவறிவிட்டார். ‘பொட்டப் புள்ளைக்கு இனி எதுக்குப் படிப்பு’ என்று ஊரே சொன்னபோது, அப்பாவின் தம்பி அங்கமுத்துச் சித்தப்பா ஒருவர்தான் எதிர்த்து நின்றார். கொள்ளேகாலில் கல்லூரியில் சேர்த்துவிட்டதும் அவர்தான், அரசாங்கத் தேர்வுக்கு மனு எழுதிப் போட்டதும் அவர்தான். தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது, மைசூர் வந்தேன். என் படிப்புக் கதை இவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். விவசாயிகள் இயக்கம் எங்கள் பக்கம் பரவிய காலம் அது. தோளில் பச்சைத் துண்டு போட்டவர்கள் ஊர் ஊராக வந்தார்கள். பயிருக்கு விலை வேண்டும், மின்சாரம் வேண்டும் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணாதே, வரதட்சிணை கேட்காதே, மேடையில் நின்று மாலை மாற்றினால் போதும், பெண்ணைப் படிக்கவை என்றெல்லாம் பேசினார்கள். சித்தப்பா ஐந்தாவது வரை படித்தவர். ஆனால் அவர் மைக்கைப் பிடித்தால் கூட்டம் கலையாது. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். என் கல்யாணத்தையே அப்படி ஒரு மேடையில்தான் நடத்தினார். ஒரே பந்தலில் ஏழு ஜோடிகள். தாலி உண்டு, மேளம் இல்லை, புரோகிதர் இல்லை, சீர்வரிசை இல்லை. மூன்று வரி உறுதிமொழியைக் கன்னடத்தில் படித்தோம். ‘மேளச் சத்தம் கேக்காத கல்யாணம் ஒரு கல்யாணமா’ என்று என் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள்.

அந்த ஏழு ஜோடியும் அவரவர் சாதிக்குள்ளேதான் நடந்தது. மேடையில் இருந்த யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் அன்று அது தோன்றவில்லை.

அலுவலகத்தில் பெரிய வேலை பத்திரப் பதிவு. வீடு, நிலம், அடமானம். ஓரத்தில் ஒரு மேஜை மட்டும் கல்யாணத்துக்கு. சாதி மதம் பார்க்காமல் யாரும் யாரையும் பதிவு செய்து கட்டிக்கொள்ளலாம் என்கிற சட்டப்படி நடக்கும் கல்யாணங்கள். புதிதாக வந்த என்னை அந்த ஓரத்தில் உட்கார வைத்தார்கள், யாரும் அதை விரும்பவில்லை என்பதால்.

அப்போது துணைப் பதிவாளராக இருந்தவர் சம்பத் சார். மேல்கோட்டைக்காரர். நெற்றியில் பளிச்சென்று நாமம், பஞ்சகச்சம் மட்டும்தான் இல்லை, பேண்ட் சட்டை போட்டிருப்பார். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் பஸ் ஏறி மேல்கோட்டைக்குப் போய்விடுவார், திங்கள் காலை சரியாகப் பத்து மணிக்கு நாற்காலியில் இருப்பார். அவர் வீட்டுத் தமிழ் எனக்கு முதலில் புரியவே இல்லை. தண்ணீரைத் தீர்த்தம் என்பார், சமையலைத் தளிகை என்பார், வீட்டை ஆம் என்பார். என் தமிழ் அவருக்குப் புரியாது. நாங்கள் இருவரும் முதல் ஆறு மாதம் கன்னடத்தில்தான் பேசிக்கொண்டோம்.

இவ்வளவு ஆசாரமான மனிதர் இந்தக் கல்யாணங்களை எப்படி நடத்துவாரோ என்று பயந்தேன். அவர் நடத்தின விதத்தைப் பார்த்துத்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன்.

முதலில் நோட்டீஸ். பையனும் பெண்ணும் சேர்ந்து வந்து கொடுக்க வேண்டும். அதை நோட்டீஸ் புத்தகத்தில் நகல் எடுத்து எழுத வேண்டும். புத்தகத்தின் பக்க எண்களைச் சிவப்பு மையில் அவரே எழுதுவார், யாரும் நடுவில் ஒரு தாளைக் கிழித்துவிட முடியாது. பிறகு இன்னொரு நகலை வெளியே போர்டில் ஒட்ட வேண்டும். பசை கூடாது, நாலு மூலையிலும் குண்டூசி. ஒரு மூலை மடங்கியிருந்தால்கூட என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். இரண்டு பேரில் ஒருவருடைய சொந்த ஊர் வேறு மாவட்டமாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பதிவு அலுவலகத்துக்கும் நகல் போயாக வேண்டும், அங்கேயும் ஒட்டுவார்கள். முப்பது நாள் காத்திருக்க வேண்டும். யாராவது ஆட்சேபம் கொடுத்தால் விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று சாட்சிகளோடு வரலாம்.

கல்யாணத்தன்று பெண்ணைத் தனியாக உள்ளே கூப்பிடுவார். நான் மட்டும் கூட இருப்பேன். “யாராவது கட்டாயப்படுத்தி அழைச்சுண்டு வந்தாளா?” என்று கேட்பார். எல்லோரும் கேட்கிற கேள்விதான். அடுத்து ஒன்று கேட்பார்: “இப்போ வேண்டாம்னு தோணினா, ஆத்துக்குத் திரும்பிப் போகத் தெரியுமோ? பஸ்ஸுக்குக் காசு இருக்கோ?” பல பெண்கள் இந்தக் கேள்விக்குத்தான் அழுதார்கள். ஒருத்தி மட்டும், என் காலத்தில் ஒரே ஒருத்தி, தெரியும் என்று சொல்லி எழுந்து பின்வாசல் வழியாகப் போனாள். சார் அவளை பஸ் ஏற்றிவிட ஆளை அனுப்பிவிட்டு, வெளியே வந்து, “இன்னிக்கு இந்தக் கல்யாணம் இல்லை” என்று மட்டும் சொன்னார்.

உறுதிமொழி சொல்லும்போது எழுந்து நிற்பார். எந்த ஜோடிக்கும் உட்கார்ந்தபடி கல்யாணம் செய்துவைத்ததில்லை. ஆனால் அவர்கள் கொடுக்கும் இனிப்பைச் சாப்பிட மாட்டார். வாங்கிக் கொள்வார், நன்றி சொல்வார், பியூனிடம் கொடுத்துவிடுவார். ஒரு நாள் கேட்டேவிட்டேன், “சார், அவங்க மனசு சங்கடப்படாதா?” என்று.

“நான் என் மச்சினன் ஆத்துலகூட சாப்பிட மாட்டேன் அம்மா” என்றார். பிறகு அவராகவே சொன்னார்: “நேக்கு இதெல்லாம் சம்மதமான்னு கேக்கறேள். என் ஆத்துல நடந்தா நேக்குத் தாங்காது. ஆனா இந்த நாற்காலி என் ஆம் இல்லையே.”

அது சரியான பதிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் மனதில் சம்மதம் என்று சொல்லிக்கொண்டு ஜோடிகளை நாலு தடவை அலையவிட்ட அதிகாரிகளையும் பின்னால் பார்த்துவிட்டேன். அவர்களை நினைத்தால் சம்பத் சார் என் கண்ணுக்கு உயரமாகிக்கொண்டே போகிறார்.

என் ஆரம்ப வருடங்களில் அந்த மேஜைக்கு ஜோடிகள் தனியாக வர மாட்டார்கள். ஒரு இயக்கமே கூட வரும். தலித் சங்கத்துக்காரர்கள், விவசாயிகள் சங்கத்துக்காரர்கள், பெண்கள் அமைப்பு, தெருநாடகக் குழு. முப்பது நாற்பது பேர் வராந்தாவில் நிற்பார்கள். கல்யாணம் முடிந்ததும் அங்கேயே பாட்டு, பேச்சு, கோஷம். அடமானப் பத்திரத்துக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சம்பத் சார் வெளியே வந்து, “பாட்டு ஆகட்டும், ஆனா கதவை விட்டுத் தள்ளி ஆகட்டும்” என்பார். காவலுக்கும் அந்தக் கூட்டம் தேவைப்பட்டது. பெண்ணின் அண்ணன்மார் வாசலில் நிற்பார்கள் அல்லவா.

வருடம் போகப்போகக் கூட்டம் குறைந்தது. பத்துப் பேர் ஆனார்கள், பிறகு மூன்று சாட்சிகள் மட்டும். சாட்சிகளும் கம்பெனி நண்பர்கள், மண்டி மொஹல்லாவில் வாங்கிய மாலையோடு பைக்கில் வந்து இறங்குவார்கள். கேக் வெட்டலாமா மேடம் என்று கேட்பார்கள். ஒரு பெண்ணிடம் ஏன் வீட்டில் கல்யாணம் வேண்டாம் என்று முடிவு செய்தாய் என்று கேட்டேன். “எதுக்கு ஆன்ட்டி அவ்வளவு செலவு, வரதட்சிணை எல்லாம், அசிங்கமா இல்ல?” என்றாள். மேடைகளில் என் சித்தப்பா தொண்டை கிழியக் கத்தியதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். எந்த மேடையையும் அவள் பார்த்திருக்க மாட்டாள். இயக்கம் தோற்றுவிட்டது என்று பழைய ஆட்கள் என்னிடம் வருத்தப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் மேஜைக்கு வந்து பார்க்கச் சொல்வேன்.

ஆனால் நயனா கேட்டது அந்தப் பக்கத்தைப் பற்றி.

எங்கள் மைசூர் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, ஹனூர் கொள்ளேகால் எல்லாம் சாமராஜநகர் மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் மேஜைக்கு எதிரே, “அக்கா” என்று குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் செல்வி. அங்கமுத்துச் சித்தப்பாவின் ஒரே மகள். மைசூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். அப்பா மாதிரியே நல்ல குரல், எழுத்தறிவு இயக்கத்தில் சேர்ந்து தெருநாடகம் போடுவாள். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன், சித்தராஜு. நஞ்சன்கூடு பக்கம், தலித் குடும்பம், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாடகத்தில்தான் பழக்கம்.

நோட்டீசை நீட்டினாள். படித்தேன்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. கல்யாணம் முடிஞ்சதும் நானே போய்ச் சொல்றேன். அவர் மேடையில பேசினதைக் கேட்டுத்தானே அக்கா நான் வளர்ந்தேன். கோவப்படுவார், அப்புறம் சரியாயிடும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “கொள்ளேகாலுக்கு ஒரு நகல் போகுமாமே. அத மட்டும் அனுப்பாம இருக்க முடியாதா?”

நான் சம்பத் சாரின் அறைக்குள் போய், இப்படி ஒரு பெண் கேட்கிறாள் என்றேன். உறவு என்று சொல்லவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “நகல் போகலேன்னா நாளைக்கு எவனாவது இந்தக் கல்யாணமே செல்லாதும்பான். அந்தப் பொண்ணுக்கு நல்லது பண்றதா நினைச்சுண்டு கெடுதல் பண்ணாதேள்” என்றார்.

உறையின் மேல் முகவரியை நானே எழுதினேன். தபால் பெட்டியிலும் நானே போட்டேன். செல்வியைப் பார்க்காமல், “சட்டம் அம்மிணி” என்றேன்.

பதினெட்டாவது நாள் சித்தப்பா வந்தார். கொள்ளேகால் அலுவலகப் போர்டில் எங்கள் ஊர்க்காரர் யாரோ படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். வேட்டி சட்டை, தோளில் அதே பச்சைத் துண்டு. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நேராக சாரின் அறைக்குப் போனார். அவர் கொடுத்த ஆட்சேப மனு என் மேஜைக்கு வந்தபோது படித்தேன். செல்விக்கு அவள் தாய்மாமனோடு ஏற்கெனவே கோயிலில் கல்யாணம் ஆகிவிட்டது, கணவன் உயிரோடு இருக்கிறான், ஆகவே இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. கூடவே புதிதாக அச்சடித்த ஒரு கல்யாணப் பத்திரிகை. கல்யாண நாள், போன தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை.

தேதியை இன்னொரு முறை படித்தேன். அது நான் மைசூரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாள். அன்று விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்ததே சித்தப்பாதான். செல்வி வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டாள். இரண்டு பேரும் இரவு என் வீட்டில்தான் தங்கினார்கள். பொய் சொல்லிப் பழகாத மனிதர். நல்ல முகூர்த்த நாள் ஒன்று வேண்டும் என்று யோசித்தபோது அவருக்கு ஞாபகம் வந்தது என் வீட்டு விசேஷம்.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். செல்வி யார், இவர் யார், அந்த நாள் என்ன நாள். அவர் திட்டவில்லை. நோட்டீஸ் புத்தகத்தைத் திறந்து, நயனா படித்தாளே, அந்த வரியைச் சிவப்பு மையில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, “இனி இது உங்க கோப்பு இல்லை. நீங்கோ சாட்சி சொல்லணும்னு நான் சொல்லப் போறதில்லை, வேண்டாம்னும் சொல்லப் போறதில்லை. சொல்றதா இருந்தா எழுதிக் கொடுங்கோ” என்றார்.

சித்தப்பா வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். போய் எதிரில் நின்றேன்.

“சித்தப்பா, மனுவைத் திருப்பி வாங்கிக்கங்க. அந்த நாள்ல நீங்க என் வீட்ல இருந்தீங்க.”

“எனக்குத் தெரியாதா?”

“விசாரணையில நான் அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.”

“சொல்லுவியா அம்மிணி? என்ற மூஞ்சிக்கு நேரா சொல்லுவியா?” அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாதிரிக் கேட்டார்.

“சொல்லுவேன்.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “ஊர்ல நாலு பேரு என்ன கேக்கறாங்க தெரியுமா? மேடைல பேசினியே அங்கமுத்து, இப்ப உன்ற ஊட்டுலயே நடக்குதான்னு கேக்கறாங்க. சீர் செய்யாதேன்னு சொன்னேன், கடன் வாங்காதேன்னு சொன்னேன். இதச் சொன்னனா? ஒரு நாளாவது இதச் சொன்னனா நான்?”

“சொல்லல சித்தப்பா.”

“பொறகு?”

அன்று ராத்திரி வரை யோசிக்கவில்லை, அப்போதே உள்ளே போய், நடந்ததை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். யோசித்திருந்தால் எழுதியிருப்பேனா என்று சந்தேகம்தான்.

விசாரணை அடுத்த வாரம். சாரின் அறையில் அவர், சித்தப்பா, செல்வி, சித்தராஜு, என்னிடமிருந்து கோப்பு மாறிப் போன இன்னொரு குமாஸ்தா, நான். என் வாக்குமூலத்தை குமாஸ்தா கன்னடத்தில் படித்தார். சித்தப்பா தலையைத் தூக்காமல், “அவ சொல்றது பொய்யிங்க” என்றார். அப்பா இறந்த பிறகு என்னைத் தூக்கி நிறுத்திய மனிதரின் வாயிலிருந்து அது வந்தது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பத் சார் தமிழுக்கு மாறினார். தன்னுடைய தமிழுக்கு.

“பெரியவரே, கல்யாணத்தை நீங்கதானே முன்னே நின்னு நடத்தினேள்?”

“ஆமாங்க சாமி.”

“மாங்கல்யத்தை யார் எடுத்துக் கொடுத்தா?”

“பூசாரிங்க.”

“பொண்ணு என்ன கலர்ல புடவை கட்டிண்டிருந்தா?”

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். “பச்சைங்க.”

“மாங்கல்யதாரணம் ஆறப்போ நீங்க பக்கத்துலதானே நின்னேள்?”

“ஆமாங்க.”

“அப்போ உங்க பொண்ணு முகம் எப்படி இருந்தது?”

வெளியே யாரோ பத்திர எண்ணைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா தலையைத் தூக்கி செல்வியைப் பார்த்தார். மனு கொடுத்த நாளிலிருந்து அவர் அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்படி ஒண்ணும் நடக்கலீங்க சாமி” என்றார். “என்ற அண்ணன் மவ பொய் சொல்லலீங்க. நாந்தான் சொன்னேன்.”

சார் அவரைக் கண்டிக்கவில்லை. சட்டப்படிக் கண்டித்திருக்கலாம், தண்டமும் போட்டிருக்கலாம். மேஜைக்கடியில் வைத்திருந்த வெள்ளிச் செம்பை எடுத்து, அவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினார். அந்தத் தண்ணீரை அவர் வேறு யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. சித்தப்பா குடித்தார். மனுவை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். “நீ செஞ்சது சரிதான் அம்மிணி. அதுக்கோசரம் உன்ற ஊட்டுப் படி ஏறுவன்னு நெனைக்காத” என்றார். செல்வியிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

கல்யாணம் நடந்தது. நாடகக் குழுவினர் வந்து பாடினார்கள். சார் எழுந்து நின்றார். செல்வியிடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டபோது, “வீட்டுக்குப் போகத் தெரியும் சார். கதவைத் திறப்பாங்களான்னுதான் தெரியாது” என்றாள். சார் தலையைக் குனிந்து எதையோ எழுதுவது மாதிரி இருந்தார்.

சித்தப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை, ஆள் மூலம் ஒரு மூட்டை ராகி மட்டும் அனுப்பினார். மேடைகளிலும் அவரைக் காணோம் என்றார்கள். செல்விக்கு ஒரு மகன் பிறந்தான். தகவல் சொல்லி அனுப்பினோம். பதில் இல்லை. சம்பத் சார் ஓய்வு பெற்று மேல்கோட்டைக்கே போய்விட்டார். அவர் இடத்தில் ஒருவர் பின் ஒருவராக வந்து, கடைசியில் என் மகள் வயதில் ஒரு பெண் அதிகாரி வந்தார். நான் சீனியர் ஆகிவிட்டேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நாலு மூலையிலும் குண்டூசி குத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு வருடம் கழித்து, ஒரு காலை வேளையில் மேஜை முன்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சித்தப்பா. முடி முழுக்க நரைத்திருந்தது. பின்னால் அவருடைய தங்கை மகன் குமார், மைசூரில் கார் கம்பெனி ஷோரூமில் வேலை செய்கிறவன். அவன் பக்கத்தில் ஷோபா என்று ஒரு பெண், கொள்ளேகாலில் பட்டு நெசவுக்காரர் வீடு. வேறு சாதி. இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு.

“உக்காருங்க சித்தப்பா” என்றேன்.

உட்கார்ந்தார். சுகம் கேட்கவில்லை, பழசைப் பேசவில்லை. நோட்டீசை என் பக்கம் தள்ளிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: “அம்மிணி, கொள்ளேகாலுக்கு நகல் போகாம பண்ண முடியாதா? அங்க என்னையாட்டம் ஆளுங்க நெறையப் பேரு இருக்கறாங்க.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முடியாது என்றேன். ஏன் முடியாது என்று சம்பத் சார் சொன்ன காரணத்தையும் சொன்னேன். அவர் யோசித்தார்.

“இவனுக்கு எதுக்கோசரம் நீங்க வந்தீங்க சித்தப்பா?”

“வேற ஆரு வருவாங்க?” என்றார். பிறகு, “அன்னிக்கப்பறம் மைக்கப் புடிக்கவே முடியல. பேச வாயத் தொறந்தா அந்த சாமி கேட்ட கேள்விதான் காதுல உளுவுது” என்றார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி, நகல அனுப்பு. முப்பது நாளும் நான் போய் அங்க உக்காந்துக்கறேன்.”

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே போனார். காலையில் முதல் பஸ்ஸில் கொள்ளேகால், சாயங்கால பஸ்ஸில் ஊர். ஞாயிறு தவிர எல்லா நாளும் அந்த அலுவலக வராந்தாவில் போர்டுக்கு நேர் கீழே பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். யாராவது நின்று நோட்டீசைப் படித்தால், “ஆருங்க, உறவுங்களா? உக்காருங்க, பேசலாம்” என்பாராம். ஷோபாவின் பெரிய மாமா ஒருவர் மனுவோடு வந்திருக்கிறார். அவரிடம் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார் சித்தப்பா. என்ன பேசினார் என்று கொள்ளேகால் குமாஸ்தாவைப் போனில் கேட்டேன். “தான் எப்படிப் பொய் மனு கொடுத்தேன்னு முழுக் கதையும் சொன்னார் மேடம். எங்க ஆபீஸே வேலையை விட்டுட்டுக் கேட்டுச்சு” என்றார். அந்த மாமா மனுவைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி மேல்கோட்டைக்குப் போனேன். சம்பத் சாரால் அப்போது அதிகம் நடக்க முடியாது, படுக்கையில் சாய்ந்திருந்தார். சித்தப்பா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மெல்லக் கேட்டார்: “அந்த ஆபீஸ்ல நாலு மூலைக்கும் பின் குத்தறாளோ?”

“குத்தறாங்க சார்.”

“நல்லது” என்றார். அடுத்த மழைக்காலத்தில் அவர் காலமானார்.

முப்பத்தொன்றாவது நாள் குமாருக்கும் ஷோபாவுக்கும் கல்யாணம். மூன்று சாட்சிகளில் ஒருவர் ஷோரூம் நண்பர். இரண்டாவது சித்தப்பா. மூன்றாவது சாட்சியாக யாரைக் கூப்பிடுவது என்று குமார் என்னைக் கேட்டபோது, யோசிக்காமல் செல்வி பெயரைச் சொல்லிவிட்டேன். சித்தப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அது சரியா தப்பா தெரியாது. சம்பத் சார் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

செல்வி பள்ளியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வாசலில் அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவரும் பார்த்தார். பெண் அதிகாரி உறுதிமொழியைப் படித்தார். குமாரும் ஷோபாவும் திருப்பிச் சொன்னார்கள். பிறகு சாட்சிகள் கையெழுத்துப் போட மேஜைக்கு வந்தார்கள். நண்பன் போட்டான். அடுத்து சித்தப்பா. அவருக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், செல்வி தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தாள்.

சித்தப்பா குனிந்து, பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார். ஊரை எழுதினார். தேதிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. தலையைத் திருப்பாமல், மெதுவாக, பக்கத்தில் நின்றவளிடம் கேட்டார்:

“இன்னைக்கு என்ன தேதி, செல்வி?”

ஒரு மாதமாக விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டு பஸ் ஏறிய மனிதருக்குத் தேதி தெரியாதா? எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், செல்விக்கும் அது தெரிந்துவிட்டது. அவள் அவர் பக்கம் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் நிறுத்தி நிறுத்தித் தேதியைச் சொன்னாள். அவர் அதைக் கேட்டுக் கேட்டு எழுதினார்.